கனடாவில் உதிரும் இலை, நம் மலையில் துளிர்க்கும் இலை: சிறிய விமானத்திலிருந்து நிறம் பார்ப்பது பற்றி

ஹட்டனில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். அவருடைய மகளும் மருமகனும் ஸ்காபரோவில் இருக்கிறார்கள். ஒக்டோபர் மாதத்து நன்றி நவிலல் விடுமுறைக்குப் பெற்றோரைக் கனடாவுக்கு அழைத்து, நால்வருமாக ஒரு சிறிய விமானத்தில் ஏறி அல்கொன்குவின் வனத்தின் இலையுதிர் கால நிறங்களை மேலிருந்து பார்க்க வேண்டும் என்று மகள் ஆசைப்படுகிறார். தாய்க்கு அறுபத்தைந்து வயது. தந்தைக்குக் கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸில் போனாலே தலை சுற்றும். இந்த வயதில் இது தகுமா, அவ்வளவு தூரம் போய்ப் பார்க்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது, நம் மலையகத்திலேயே வானிலிருந்து இப்படியொரு காட்சியைக் காண வழியில்லையா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, நீண்ட காலம் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையிலும், அண்ணன் மகனின் அழைப்பில் இரண்டு முறை கனடா சென்று இரண்டு முறையும் அப்படிப் பறந்தவன் என்ற முறையிலும் பதில் சொல்கிறேன். வயது தடையில்லை, தாராளமாகப் போகலாம். ஆனால் மகள் குறித்திருக்கும் நாள் அந்த வனத்துக்குப் பொருந்தாது, அதை மாற்றச் சொல்லுங்கள். நம் மலையகத்தில் இலையுதிர் காலம் கிடையாது என்றாலும், வானிலிருந்து பார்க்கத்தக்க நிறமாற்றம் இங்கேயும் இருக்கிறது. அது வேறு காரணத்தால், வேறு மாதத்தில், வேறு மரங்களில் நிகழ்கிறது.

நாளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பயணத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் நாள் தவறுவதால்தான். இலை பச்சையாக இருப்பது பச்சையத்தால். ஆண்டு முழுவதும் பச்சையம் சிதைவதும் மரம் அதைப் புதிதாக ஆக்குவதும் நடந்துகொண்டே இருக்கும். பகல் குறையக் குறைய, இரவுகள் குளிரக் குளிர, மரம் புதிதாக ஆக்குவதை நிறுத்தி, இலையிலுள்ள ஊட்டப் பொருட்களைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்ளத் தொடங்கும். பச்சையம் மறைந்ததும், அதுவரை அதன் கீழ் மறைந்து கிடந்த கரோட்டினொயிட்டு நிறப்பொருட்கள் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் வெளிப்படும். பேர்ச், அஸ்பென் மரங்களின் மஞ்சள் அப்படி வருவதுதான். மேப்பிளின் சிவப்பு அவ்வாறு மறைந்திருந்து வெளிவந்ததன்று. இலைக்காம்பின் அடியில் தக்கை போன்ற ஒரு படை உருவாகி வழியை அடைக்கும்போது, இலைக்குள் தங்கிப்போன சர்க்கரையைக் கொண்டு அந்தக் கடைசி நாட்களில் புதிதாக ஆக்கப்படும் அந்தோசயனின்தான் அந்தச் சிவப்பு. ஆகவே பகலில் நல்ல வெயிலும், உறைந்துவிடாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து சில நாட்கள் வாய்த்தால் சிவப்பு கொழுந்துவிட்டு எரியும். மேகமும் வெப்பமுமான ஆண்டில் அது மங்கிப்போகும். ஒரு நாள் பெருங்காற்று அடித்தால், மறுநாள் முழுவதும் தரையில் கிடக்கும்.

ஒன்டாரியோ மாகாணத்தின் அல்கொன்குவின் பூங்கா 1893 இல் அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் மேற்குப் பகுதி உயர்ந்த நிலம். சர்க்கரை மேப்பிள் மரங்கள் அங்கேதான் அடர்ந்திருக்கின்றன. கிழக்குப் பகுதி மணற்பாங்கானது, பைன் மரங்கள் மிகுந்தது, அங்கே போனால் மேப்பிள் சிவப்பைத் தேட வேண்டியிருக்கும். மேற்குப் பகுதியில் மேப்பிள் நிறம் உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் செப்டெம்பர் கடைசி வாரத்தில். ஆண்டுக்கு ஆண்டு சில நாட்கள் முன்பின் ஆகலாம். கனடாவின் நன்றி நவிலல் நாளோ ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை. அதற்குள் அந்த மேப்பிள்கள் பெரும்பாலும் இலையை உதிர்த்துவிடும்.

என் முதற் பயணத்தில் நாங்கள் செய்ததும் இதே தவறுதான். அண்ணன் மகனுக்கு அப்போதுதான் விடுமுறை கிடைத்தது. முன்பதிவு செய்தபோது, நிறம் எப்படியிருக்கிறது என்று அந்த நிறுவனத்தார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நண்பகலில் ஏறினோம். கீழே மைல் கணக்கில் சாம்பல் நிறக் கிளைகள், இடையிடையே அஸ்பென்களின் மஞ்சள் திட்டுகள், அவ்வளவுதான். அந்த மஞ்சளும் அழகுதான், ஆனால் அதைக் காண்பதற்காக நாங்கள் போகவில்லை. அடுத்த முறை செப்டெம்பர் மாத இறுதியில், பூங்கா நிர்வாகம் வெளியிடும் நிற அறிக்கையை நாள்தோறும் பார்த்து, வெள்ளிக்கிழமை காலைக்கு இடம் எடுத்தோம். அன்றைக்கு நான் கண்டதைப் பின்னால் சொல்கிறேன்.

மகளால் செப்டெம்பரில் விடுமுறை எடுக்க இயலாது என்றால், வடக்கே போகாமல் தெற்கே பறக்கச் சொல்லுங்கள். நிறமாற்றம் வடக்கிலிருந்து தெற்காகவும், மேட்டிலிருந்து பள்ளமாகவும் இறங்கி வருவது. அல்கொன்குவின் வெறுமையாகும் நாளில் டொரொன்டோவுக்கு அண்மையிலுள்ள நயாகரா மலைவிளிம்புப் பகுதியில் நிறம் ஏறிக்கொண்டிருக்கும், ஒக்டோபர் நடுப்பகுதியிலும் அதற்குப் பின்னும் அங்கே நன்றாக இருக்கும். அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்திலும் இதே ஒழுங்குதான். வடக்கு மலைகளில் செப்டெம்பர் இறுதி முதல் ஒக்டோபர் முதற் பத்து நாட்கள் வரை, தெற்குப் பள்ளத்தாக்குகளில் அதற்கு ஒரு வாரம் பிந்தி.

அடுத்து நேரம். தரையில் நின்று பார்ப்பவருக்கு வெயில் இலையின் ஊடாக வரும்போதுதான் மரம் விளக்கேற்றியதுபோல் தெரியும். மேலே பறப்பவருக்கு அந்த வாய்ப்பில்லை. அவர் பார்ப்பது மரத்தின் உச்சியை. நண்பகல் வெயில் நேர்மேலிருந்து விழும்போது எல்லா மரமும் ஒரே தட்டையாகி, நிறமும் வெளிறிப்போகும். காலை எட்டு ஒன்பது மணிக்கு அல்லது மாலை நான்கு ஐந்து மணிக்குச் சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மரமுடிக்கும் ஒரு வெளிச்சப் பக்கமும் ஒரு நிழற் பக்கமும் உண்டாகி, வனம் முழுவதும் உருண்டு திரண்டு தெரியும். நண்பகலில் இன்னொரு தொல்லையும் உண்டு. சூடேறிய தரையிலிருந்து எழும் காற்று சிறிய விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். தலைசுற்றல் உள்ள உங்கள் கணவருக்குக் காலைப் பறப்பைத் தவிர வேறொன்றும் வேண்டாம்.

அந்த வெள்ளிக்கிழமைக் காலையில் ஏரிகளின் மேல் பனிமூட்டம் இன்னும் முழுதாக விலகவில்லை. விமானம் ஒரு மேட்டைத் தாண்டியதும், கீழே கறுப்புக் கண்ணாடிபோல் ஓர் ஏரி. அதன் விளிம்பில் சதுப்பு நிலத்துச் செம்மேப்பிள்கள் மற்ற மரங்களுக்கு முந்தியே பழுத்து, கருஞ்சிவப்பில் ஒரு கரைபோட்டிருந்தன. சேலைக்குக் கரை நெய்ததுபோல என்றுதான் எனக்குத் தோன்றிற்று. அதற்கு மேல் சரிவெல்லாம் செம்மஞ்சள், நடுவே ஸ்புரூஸ் மரங்கள் கரும்பச்சைக் கூர்முனைகளாக. எங்கள் விமானத்தின் நிழல் சிறிய சிலுவைபோல அந்த மரமுடிகளின் மேல் ஏறி இறங்கி ஓடி வந்தது. ஏரியின் மேல் அது காணாமற் போய், மறுகரையில் மீண்டும் ஏறிற்று. நான் பேசவில்லை, பக்கத்திலிருந்த அண்ணனும் பேசவில்லை. காதில் மாட்டிய கருவியில் விமானியின் குரல் மட்டும் இடையிடையே கேட்டது.

விமானத்தைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். இந்தப் பறப்புகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது செஸ்னா 172 என்ற ஒற்றை இயந்திர விமானம். இறக்கை பயணிகளின் தலைக்கு மேலே இருப்பதால் கீழ்நோக்கிய பார்வை மறைவதில்லை. இறக்கை கீழே அமைந்த விமானத்தில் பாதிக் காட்சியை இறக்கையே மூடிவிடும் என்பதால், முன்பதிவின்போது இதைக் கேட்டுவிடுவது நல்லது. செஸ்னா 172 இல் நான்கு இருக்கைகள், ஒன்று விமானிக்கு. ஆகவே நீங்கள் நால்வரும் ஒரே முறையில் ஏற முடியாது. மூவர் ஏறுவதற்கும் எடைக் கணக்கு உண்டு. எரிபொருள் தொட்டி நிறைந்திருந்தால், விமானி உட்பட ஆட்களுக்கும் பொதிக்குமாகச் சேர்த்து ஏறத்தாழ 250 கிலோகிராம்தான் அந்த விமானம் ஏற்கும். அதனால்தான் ஒவ்வொருவரின் எடையையும் முன்கூட்டியே கேட்பார்கள். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லக் கூடாது. விமானம் மேலெழுவதற்கு எவ்வளவு ஓடுபாதை வேண்டும் என்பதும், முன்பின் பாரம் சமநிலையில் இருக்கிறதா என்பதும் அந்தக் கணக்கில்தான் தங்கியிருக்கின்றன. நீங்கள் இருவரும் ஒரு முறை, மகளும் மருமகனும் ஒரு முறை என்று பிரித்துக்கொள்வது என் யோசனை. அல்லது மிதவை பொருத்திய பெரிய நீர்விமானம் வைத்திருக்கும் இடத்தைத் தேடலாம். மஸ்கோகா ஏரிப் பிரதேசத்தில் நீரிலிருந்து எழும் விமானங்கள் பழக்கமானவை.

காசு வாங்கிப் பயணிகளை ஏற்றுவதற்குக் கனடாவின் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கும் இயக்குநர் சான்றிதழ் நிறுவனத்துக்கு இருக்க வேண்டும். தனிப்பட்ட உரிமம் மட்டும் வைத்திருக்கும் ஒருவர் நட்புக்காக ஏற்றிச் செல்லலாம், கூலிக்கு ஏற்ற முடியாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று யாரோ ஒருவரின் விமானத்தில் ஏறிவிடாமல், சான்றிதழைக் கேட்கும்படி மகளிடம் சொல்லுங்கள், யாரும் அதைத் தவறாக நினைக்க மாட்டார்கள். பயணக் காப்புறுதிப் பத்திரத்தில் சிறிய விமானப் பறப்பு விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

உயரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம், அம்மா. இந்தப் பறப்புகள் தரைக்கு மேலே 300 முதல் 600 மீட்டர் உயரத்தில் நடப்பவை. அல்கொன்குவின் நிலமே கடல்மட்டத்திலிருந்து 400, 500 மீட்டர்தான். இரண்டையும் கூட்டினாலும் ஏறத்தாழ 1,000 மீட்டர் வரும். நீங்கள் நாள்தோறும் உறங்கி எழும் ஹட்டன் நகரம் 1,270 மீட்டர் அளவில் இருக்கிறது. அந்த விமானம் உங்கள் வீட்டு வாசலைவிடத் தாழ்வாகத்தான் பறக்கப்போகிறது. மூச்சு முட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இருதய நோயோ, அண்மையில் காதிலோ கண்ணிலோ சத்திரசிகிச்சையோ இருந்தால் மட்டும் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் தலைசுற்றலுக்கு: அவரை விமானிக்குப் பக்கத்து முன் இருக்கையில் அமரச் செய்யுங்கள். தொலைவிலுள்ள அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். கைபேசித் திரையில் படம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் குமட்டலை விரைவில் கொண்டுவரும். வெறும் வயிற்றோடும் போகக் கூடாது, நிறைய உண்டுவிட்டும் போகக் கூடாது. பஸ் பயணத்துக்கு எடுக்கும் மாத்திரை ஏதும் இருந்தால், வைத்தியர் சொன்ன நேரத்துக்கு முன்கூட்டியே எடுக்க வேண்டும், ஏறியபின் எடுப்பதில் பயனில்லை. விமானியிடம், கூர்மையாகச் சாய்த்துத் திருப்ப வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அவர் அகலமாகத் திருப்புவார். ஒரு மணிநேரப் பறப்பைவிட அரை மணிநேரப் பறப்பு உங்களுக்குப் போதும். கண்ணுக்கும் அதற்குமேல் கொள்ளாது.

இனி நம் மலைக்கு வருகிறேன். இங்கே ஏன் இலையுதிர் காலம் இல்லை என்பதற்கு ஒரு கணக்கே போதும். டொரொன்டோவில் ஆண்டின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ பதினைந்தரை மணிநேரம், மிகக் குறுகிய பகல் ஒன்பது மணிநேரத்துக்கும் சற்றுக் குறைவு. செப்டெம்பர் மாதத்தில் அங்கே நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் பகல் சுருங்குகிறது. ஹட்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணிநேர வித்தியாசம்கூட இல்லை. நாளொன்றுக்குக் குறைவது அரை நிமிடத்துக்கும் குறைவு. மரத்துக்கு "காலம் முடிகிறது" என்று சொல்ல நம் வானத்தில் எதுவும் இல்லை. அதனால் நம் மலைக்காடு ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கிறது, இலைகளைக் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் மாற்றிக்கொள்கிறது.

ஆனால் அந்த மாற்றத்தில்தான் நிறம் இருக்கிறது. கனடாவில் இலை முடிவில் சிவக்கிறது. நம் மலையில் தொடக்கத்தில் சிவக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியிலும் ஹக்கலக் காட்டிலும் கீன மரங்கள் துளிர்க்கும்போது குடைபோல் விரிந்த அவற்றின் முடிகள் செம்பு நிறமாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும். நாவல் இனத்து மலை மரங்களும் அப்படியே. அந்தச் சிவப்பும் அதே அந்தோசயனின்தான். பிஞ்சிலைக்குள் பச்சையம் இன்னும் நிரம்பாத நாட்களில், மலை உச்சியின் கடும் வெயிலிலிருந்தும் இலை தின்னும் பூச்சிகளிலிருந்தும் அதைக் காப்பது இந்த நிறம் என்பது தாவரவியலாளர் தரும் விளக்கம். நான் மாணவர்களை ஹோர்ட்டன் சமவெளிக்கு அழைத்துச் செல்லும்போது, கீழே விழுந்த ஒரு கீனத் தளிரை அவர்கள் உள்ளங்கையில் வைப்பேன். மெழுகு பூசியதுபோல் வழவழப்பாக, விரலால் அழுத்தினால் துவண்டுபோகும் மென்மையோடு, ஒளிக்கு எதிரே பிடித்தால் திராட்சைச் சாறுபோல் இருக்கும். அதே கிளையின் பழைய இலையைப் பக்கத்தில் வைத்தால், தோல்போலத் தடித்த கரும்பச்சை. இரண்டும் ஒரே மரத்தின் இலைகள் என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதற்குச் சற்று நேரம் எடுக்கும்.

இந்தத் தளிர்ச் சிவப்பு கனடாவில்போல் ஒரே வாரத்தில் மலை முழுவதும் பற்றிக்கொள்ளாது. மரத்துக்கு மரம், சரிவுக்குச் சரிவு காலம் வேறுபடும். பச்சைக் கம்பளத்தில் அங்கங்கே குங்குமம் தெளித்ததுபோல்தான் மேலிருந்து தெரியும். அதுவும் உயர்ந்த இடங்களில் மட்டும், ஏனென்றால் கீழ்ச்சரிவுகளில் அந்தக் காடே இல்லை. கோப்பிக்காகவும், கோப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலைக்காகவும் அது வெட்டப்பட்டது. 5,000 அடிக்கு மேலுள்ள காட்டையாவது காக்க வேண்டும் என்று 1873 இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் வலியுறுத்தியதன் பயனாகத்தான் சிகரங்களைச் சுற்றி இன்றும் எஞ்சியிருக்கிறது. சிவனொளிபாதமலைக் காடும், ஹோர்ட்டன் சமவெளியும், நக்கிள்ஸ் மலைத்தொடரும் சேர்ந்த மத்திய மலைநாடு 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. வெட்டிய காட்டில் வேலை செய்ய வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். எஞ்சிய காட்டின் தளிரை நம்மில் பெரும்பாலோர் ஒருமுறைகூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கனடாவின் இலையுதிர் காலத்துக்கு மிக நெருங்கிய காட்சி நம் நாட்டில் எங்கே என்று கேட்டால், நான் இறப்பர் தோட்டத்தைத்தான் காட்டுவேன். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் வழியில் கித்துல்கல தாண்டி, யட்டியாந்தோட்டை, அவிசாவளை வரை களனி கங்கைப் பள்ளத்தாக்கின் இரு பக்கமும் இறப்பர்தான். 1876 இல் ஹெனரத்கொட தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த அமேசன் நாட்டு மரம் அது. இலையுதிர்க்கும் தன் இயல்பை அது இங்கேயும் விடவில்லை. ஜனவரி, பெப்ரவரி மாத வறட்சியில் அதன் முவ்விலைகள் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, செங்கல் நிறமாகி உதிரும். துரைமார் அதை "விண்டரிங்" என்பார்கள். பால் குறைந்துவிடும் காலம் அது. உதிர்ந்து சில வாரங்களில் செம்பு நிறத்தில் புதுத் தளிர் வந்துவிடும். ஆக இரண்டு நிறமாற்றமும், இறுதியில் வருவதும் தொடக்கத்தில் வருவதும், ஒரே மரத்தில் ஒன்றை அடுத்து ஒன்றாக நடக்கின்றன. மண்டபம்போல் வரிசையாக நட்ட மரங்கள் என்பதால் வானிலிருந்து அந்த நிறம் பாத்தி பாத்தியாகத் தெரியும்.

தேயிலைக்கு அப்படி நிறமாற்றம் இல்லை. ஆனாலும் மேலிருந்து பார்க்கும்போது கவ்வாத்து வெட்டிய மலை பழுப்பாகவும், கொழுந்து பறிக்கும் மலை இளம்பச்சையாகவும், இடையே சரிவை அறுத்துச் செல்லும் வடிகான்களும், நம் தோட்டங்களில் சவுக்கு என்று சொல்லும் கிரெவிலியா மரங்களின் வெள்ளி அடிப்புற இலைகள் காற்றில் புரளும் மினுக்கமும், தகரக் கூரை லயங்களும் வரைந்து வைத்ததுபோல் இருக்கும். நாம் குனிந்த முதுகோடு பார்த்த நிலம் அது.

இதைப் பார்க்க வழி என்னவென்றால், கொழும்புப் பக்கத்திலிருந்து ஹட்டனை அடுத்த காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு வரும் நீர்விமானம். செஸ்னா கரவன் என்ற, இறக்கை மேலேயுள்ள, மிதவையும் சில்லும் பொருத்திய ஒற்றை இயந்திர விமானம் அது. தெருவழியே நான்கு மணிநேரத்துக்குக் குறையாத பயணம், அதில் அரை மணியளவில் முடிகிறது. நேர்கோட்டில் தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர்தானே. பயணிகளும் பருவமும் பார்த்தே இத்தகைய சேவைகளும் தனிவாடகைப் பறப்புகளும் ஓடுவதால், நாள் குறிப்பதற்கு முன் நிறுவனத்திடம் நேரடியாக உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மாதத்தைத் தெரிவதற்குத் தேயிலையின் தரப் பருவமே வழிகாட்டி. டிம்புள்ள, மஸ்கெலியா, நுவரெலியா போன்ற மேற்குச் சரிவுகளில் நல்ல தேயிலை வருவது ஜனவரி முதல் மார்ச் வரை, வானம் வறண்டு தெளிந்திருக்கும்போது. ஊவாப் பக்கம், அதாவது பண்டாரவளை, ஹப்புத்தளைப் பகுதிகளில் அது ஜூலை முதல் செப்டெம்பர் வரை. தென்மேல் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி உலர்ந்த காற்றாக இறங்கும் காலம் அது. அந்த மாதங்களில் ஊவா வானம் தெளிவாக இருந்தாலும் காற்று முரட்டுத்தனமாக இருக்கும், சிறிய விமானத்துக்கு ஏற்றதன்று. ஆகவே என் தெரிவு ஐயமின்றி ஜனவரி கடைசி, பெப்ரவரி. இறப்பர் பழுக்கும் மாதமும் அதுவேதான். அந்த மாதங்களிலும் காலை பத்து மணிக்குப் பின் மலைமேல் மேகம் கட்டத் தொடங்கிவிடும். எட்டு மணியளவில் பறக்க வேண்டும்.

மலைமேல் பறப்பதில் நான் இவ்வளவு எச்சரிக்கை சொல்வதற்குக் காரணம் உண்டு. 1974 டிசெம்பர் 4 இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக் கட்டுநாயக்கவில் இறங்க வந்த டிசி-8 விமானம், தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து முன்கூட்டியே தாழ்ந்ததால், மஸ்கெலியாவை அடுத்த சப்த கன்னி மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். அந்த இரவை எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2020 ஜனவரி 3 அன்று ஹப்புத்தளையில் விமானப் படையின் வை-12 விமானம் விழுந்து நால்வர் இறந்தார்கள். நம் மலைகள் திடீரென்று எழுபவை. அதனால் விமானி "இன்று வானிலை சரியில்லை, போக முடியாது" என்று சொன்னால், ஒரு நொடியும் வற்புறுத்தாதீர்கள். கொழும்பில் மறுநாள் ஒன்றைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அப்படித் தள்ளிப்போடும் விமானிதான் நம்பத்தக்கவர்.

விமானத்துக்குச் செலவழிக்க இயலாத உறவினர்கள் உங்களுடன் இருந்தால், அவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன். சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீட்டர். அங்கிருந்து கீழே தெரியும் மவுசாகலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களுக்கு மேலே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் நாம் நிற்கிறோம். கனடாவில் காசு கொடுத்து ஏறும் விமானம் அதில் பாதி உயரத்தில்தான் பறக்கிறது. டிசெம்பர் போயா (முழுநிலா நாள்) தொடங்கி மே மாதத்து வெசாக் போயா வரையான யாத்திரைக் காலத்தில், பெப்ரவரியில் ஒரு வார நாளில் நல்லதண்ணி வழியாக ஏறி, சூரியோதயத்தோடு எல்லோரும் இறங்கிவிட்டபின் ஒரு மணிநேரம் மேலேயே தங்கியிருந்தால், சாய்ந்த வெயில் காட்டின் மேல் விழும்போது தளிர்விட்ட மரங்களைத் தனித்தனியாக எண்ணலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தப் படிகளை நான் சொல்ல மாட்டேன்.

படம் எடுக்க விரும்பினால், கனடாவானாலும் இங்கேயானாலும், கமராவையோ கைபேசியையோ ஜன்னலில் முட்டுக்கொடுக்காதீர்கள், இயந்திர அதிர்வு படத்தைக் கலைத்துவிடும். வெளிர் நிற மேற்சட்டை ஜன்னலில் பிரதிபலிக்கும், கறுப்பு அல்லது கருநீலம் உடுத்துங்கள். பத்துப் படம் போதும். மற்ற நேரம் கண்ணால் பாருங்கள்.

கடைசியாக, காசல்ரீப் பறப்பில் எந்தப் பக்கம் அமர்வது என்பது. கரவன் விமானத்தில் இரு பக்கமும் ஜன்னல் இருப்பதால் காட்சி எல்லோருக்கும் கிடைக்கும். எனினும் காலையில் கிழக்கு நோக்கி வரும்போது வெயில் முன்னாலும் வலப் பக்கத்திலும் இருப்பதால், இறப்பரின் நிறம் இடப் பக்கத்து ஜன்னலில் கண் கூசாமல் தெரியும். திரும்பிப் போகும்போதும் இடப் பக்கத்தையே கேளுங்கள். அப்போது இடப் பக்கம் தெற்காகிவிடும். நீரிலிருந்து எழுந்த சில நிமிடங்களில் சிவனொளிபாதமலையும் அதன் அடிக்காடும் அந்த ஜன்னலில் வரும்.